முப்பத்தெட்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு திறந்த மடல்: சராசரியை வைத்துத் திட்டம் எழுதாதீர்கள்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம். 2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியபோது, மாவட்ட அளவில் அதை நடத்தும் பொறுப்பை உங்களிடம்தான் கொடுத்தார்கள். மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலராக உங்களுக்குத் துணை. அதனால்தான் இந்த மடலை முதலமைச்சருக்கோ தலைமைச் செயலாளருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு ஊரில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்தக் கிணறு முதலில் கரிக்கும் என்பதைக் கோட்டையிலிருந்து பார்க்க முடியாது. உங்கள் அலுவலகத்திலிருந்து பார்க்க முடியும், பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டுக்கு இயல்பாகக் கிடைக்க வேண்டியது சுமார் 44 செ.மீ. 2023-இல் அதைவிட ஏறக்குறைய 4 சதவீதம் அதிகமாகக் கிடைத்தது. 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் வானிலைத் துறை அதை இயல்பான மழை என்றே பதிவு செய்யும். ஆக, பதிவேட்டின்படி 2023 ஒரு இயல்பான ஆண்டு. அந்த இயல்பான ஆண்டின் அக்டோபர் 10 அன்றுதான் தண்ணீர் போதவில்லை என்று மேட்டூர் அணையை மூடினார்கள், டெல்டாவில் சம்பாவுக்கு நாற்று விட்டவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அப்புறம் இரண்டே வாரத்தில், டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதே சராசரியாக எழுபது செ.மீ.யை ஒட்டித்தான். இது எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் வருகிற விடைதான் 'இயல்பு'.

அந்தச் சராசரிக்குள் யாரும் வாழவில்லை. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். காலநிலை மாற்றம் தமிழ்நாட்டுக்கு வருகிறது என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அது தூத்துக்குடி மாவட்டத்து ஏரலுக்கு வருவது வேறு, ஈரோட்டுக்கு வருவது வேறு, நாகப்பட்டினம் மாவட்டத்துத் தலைஞாயிறுக்கு வருவது முற்றிலும் வேறு.

நான் ஏரல் பக்கம் பிறந்தவன், பிழைப்பு ஈரோட்டில். அக்காவைக் கட்டிக்கொடுத்தது திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்தில். சித்தப்பா கோத்தகிரியில் சின்னதாகத் தேயிலை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் போன் பேசினால் முதல் ஐந்து நிமிடம் மழை, வெயில் பேச்சுதான், நாலு ஊரிலும் நாலு விதமாக இருக்கும். தமிழ்நாட்டில் பாதிக் குடும்பங்கள் இப்போது இப்படித்தான் சிதறிக் கிடக்கின்றன, அதனால் நான் சொல்லப்போவது உங்களில் பலருக்கும் சொந்த அனுபவமாகவே இருக்கலாம்.

தாமிரபரணியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது எனக்கு நன்றாகத் தெரிந்த ஆறு. பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது, மொத்தமே நூற்று முப்பது கி.மீ.க்குள்தான். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து பக்கம் மலையில் கொட்டுகிற மழை பாபநாசம், மணிமுத்தாறு வழியாக இறங்கி, திருநெல்வேலி நகரைத் தாண்டி, கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்து சேரும். அங்கிருந்து வடகாலும் தென்காலும் பிரிந்து குளம் குளமாக நிரப்பும். அந்தக் காலத்து ஏற்பாடு அழகானது, ஒரு குளம் நிரம்பினால் அடுத்ததற்குப் போகும். ஆனால் அந்த ஏற்பாடு மலையில் பெய்யும் மழையை நம்பிப் போட்டது. மலையிலும் கடற்கரையிலும் ஒரே இரவில் வானம் உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2023-இல் பார்த்தோம். ஆறு மேலிருந்து வந்தது, மழை தலையில் விழுந்தது, வடிய வேண்டிய கடலோரத்திலேயே 95 செ.மீ. நின்றது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது, தண்டவாளத்தின் அடியில் ஜல்லி அரித்துப் போயிருந்தது, நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாள் அங்கேயே கிடந்தார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்கள். ஏரலில் எங்கள் பெரியப்பா வீட்டுக்கு மாடி இல்லை. பக்கத்து வீட்டு மாடியில் தெருவே ஏறி நின்றது. செல்போன் கோபுரம் செத்துவிட்டதால் அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு மதினி போன் எடுத்தபோது முதலில் கேட்ட கேள்வி, "இம்புட்டுத் தண்ணி வருதுன்னு மேல இருக்கவனுக்குத் தெரியாமலா இருந்துச்சு?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்றே நினைக்கிறேன். மழை எச்சரிக்கை வந்ததா என்று கேட்டால் வந்தது என்று சொல்லலாம், சிவப்பு எச்சரிக்கையே வந்தது. ஆனால் ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யும் எல்லா மழையும் வானிலைத் துறையின் கணக்கில் ஒரே வகை. 21 செ.மீ. மழைக்கும் 95 செ.மீ. மழைக்கும் நிறம் ஒன்றுதான். ஊரில் இருப்பவனுக்குத் தேவைப்படுவது நிறம் இல்லை. மணிமுத்தாற்றிலும் பாபநாசத்திலும் இத்தனை கனஅடி திறக்கிறோம், அது இத்தனை மணிக்கு ஏரல் பாலத்துக்கு வரும், கீழத்தெருவில் இடுப்பளவு நிற்கும், நடுத்தெருவில் முழங்கால், ஆகவே கீழத்தெருக்காரர்கள் இரவு எட்டு மணிக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பது திருநெல்வேலி ஆட்சியருக்குத் தெரியும். மூழ்கும் தெரு தூத்துக்குடி ஆட்சியருடையது. இருவருக்கும் சேர்த்து ஒரே வெள்ளத் திட்டம் இருக்கிறதா? இருந்தால் அதை எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு மழைக்கு முன் எழுதுங்கள்.

இதே கதைதான் தென்பெண்ணையில் மறு ஆண்டு நடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது, ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. அடுத்த நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் பாறையும் மண்ணும் இறங்கி ஒரே இடத்தில் 7 பேர் புதைந்தார்கள். அதற்கும் மறுநாள், கடலிலிருந்து நூறு கி.மீ.க்கு மேல் உள்ளே இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. கிருஷ்ணகிரி என்றால் யாருக்கும் மாம்பழமும் வறட்சியும்தான் நினைவுக்கு வரும், புயல் நினைவுக்கே வராது. டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணையில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தார்கள், வேறு வழியில்லை என்றுதான் திறந்திருப்பார்கள். ஆனால் கீழே விழுப்புரம், கடலூர் கிராமங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு விடிந்தபோது கட்டிலுக்குக் கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஆறு கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று இத்தனை ஆட்சியர்களின் எல்லையைத் தொட்டுக்கொண்டு போகிறது. இத்தனை பேரும் மழைக்காலத்துக்கு முன் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியதாக ஒரு செய்தியைக்கூட நான் படித்ததில்லை. படிக்க ஆசைப்படுகிறேன்.

ஏன் இப்படிப் பெய்கிறது என்பது இன்று மர்மம் இல்லை. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை மட்டும் சுமார் 1 டிகிரி சூடேறியிருக்கிறது என்று இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் அறிக்கையே 2020-இல் சொன்னது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். தாங்கிய ஈரத்தை எங்கே, எந்த இரவில் இறக்கும் என்பதுதான் நிச்சயமில்லாமல் போய்விட்டது. கரியமில வாயுவைக் குறைப்பது உங்கள் கையில் இல்லை, அதை உங்களிடம் கேட்கவும் இல்லை. விழுகிற இடத்தில் ஆட்களைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

சரி, வெள்ளம் என்றால் கேமரா வரும், அமைச்சர் வருவார், படகு வரும். கேமரா வராத ஒன்றைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நாகப்பட்டினம், திருவாரூர் ஆட்சியர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

அக்கா வாழ்க்கைப்பட்டுப் போனபோது அவள் வீட்டு அடிபம்பில் குடிக்கத் தண்ணீர் வந்தது. இப்போது அதில் பாத்திரம் கழுவினாலே வெள்ளை படிகிறது. "தண்ணி கரிக்குதுடா" என்று ஒவ்வொரு கோடையிலும் சொல்கிறாள், ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்கிறாள். இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் 1993-க்கும் 2017-க்கும் இடையே கடல் மட்டம் ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கேட்க ஒன்றுமே இல்லாத அளவுபோல இருக்கும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் தரை எவ்வளவு தட்டை என்று போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த மில்லிமீட்டர் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று புரியும். கடல் உயர்வது ஒரு பக்கம். ஆற்றில் தள்ளிவிட நல்ல தண்ணீர் வராதது இன்னொரு பக்கம், அது வராததால் ஆழ்துளைக் கிணற்றில் உறிஞ்சுவது மூன்றாவது. மூன்றும் சேர்ந்துதான் உப்பை உள்ளே இழுக்கின்றன. காவிரி கடைமடைக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் கடல் இவ்வளவு தைரியமாக ஏறியிருக்காது.

அந்தக் காவிரியும் இப்போது தேதி பார்த்து வருவதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பு என்பது டெல்டாவில் பண்டிகை மாதிரி. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தார்கள். ஜூலை கடைசியில் திறந்தால் குறுவை போயிற்று என்று அர்த்தம். அந்த 2024 ஜூலை 30-ஐ நினைத்துப் பாருங்கள். மேட்டூருக்குத் தண்ணீர் தருவது குடகும், கர்நாடகத்தின் கபினி அணை வழியாக வயநாடும். அன்று அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. அன்றைக்கே மேட்டூர் 120 அடியை எட்டியது. மலையில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்ற அதே மழை நாட்களைத்தான் டெல்டாவில் பூத்தூவி வரவேற்றோம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஒரே மழை இரண்டு ஊர்களுக்கு எவ்வளவு வேறு வேறாக வந்து சேர்கிறது என்பதற்கு இதைவிட எனக்கு எடுத்துக்காட்டு தெரியவில்லை.

தண்ணீர் தாமதமானால் நடவு தாமதமாகும், அறுவடை தள்ளிப்போகும், தள்ளிப்போன அறுவடை மழையில் மாட்டும். 2021 ஜனவரியில் பொங்கலுக்கு முன் பெய்த மழையில் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் திரும்பவும் அதே. தை பிறந்த பிறகு மழை பெய்யாது என்ற நம்பிக்கையில்தான் சம்பாவின் கணக்கு முழுவதும் நிற்கிறது. அந்த நம்பிக்கை போய்விட்டது, கொள்முதல் நிலையத்தின் விதி மட்டும் அப்படியே இருக்கிறது. நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். தளர்த்த வேண்டுமென்றால் மாநில அரசு கடிதம் எழுத வேண்டும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்க வேண்டும், அனுமதி வர வேண்டும். அதுவரை நெல் சாலையோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். அத்தான் இரண்டு முறை அப்படிச் சாலையில் படுத்து நெல்லைக் காத்திருக்கிறார். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆட்சியர்களே, காலம் தவறிய மழை இனி விதிவிலக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்காமல், மழை அளவு இவ்வளவைத் தாண்டினால் ஈரப்பத வரம்பு தானாகவே தளரும் என்று ஒரு நிலையான விதிக்கு நீங்கள் நால்வரும் சேர்ந்து எழுதுங்கள். கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் இயந்திரம் கேளுங்கள்.

உப்புக்கு வருகிறேன். ஒரு நிலத்தில் வெள்ளம் புகுந்தால் நிவாரணம் உண்டு. புயல், வறட்சி, ஆலங்கட்டி, பூச்சித் தாக்குதல், பனி என்று மத்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் இருக்கின்றன. பத்து ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக உப்பேறி, ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்ட வயல் பத்து மூட்டைக்கு இறங்கினால் அதற்குப் பட்டியலில் இடமில்லை, ஏனென்றால் அது நடந்த தேதி என்று எதையும் காட்ட முடியாது. கடல் அரித்துத் தின்ற தெருவுக்கும் இதே நிலைதான். ஆனால் வழி இருக்கிறது. வெப்ப அலையும் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருந்ததுதான். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அதை மாநிலத்துக்கான பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணை போட்டது. மாநில நிவாரண நிதியில் பத்து சதவீதம் வரை இப்படி உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிட விதி அனுமதிக்கிறது. வெப்பத்துக்கு முடிந்தது உப்புக்கு ஏன் முடியாது? அதற்கு முதலில் ஆதாரம் வேண்டும். கடைமடை கிராமங்களில் ஊருக்கு நாலு கிணறு, ஆண்டுக்கு இரண்டு முறை உப்பளவு பார்த்து ஊராட்சிப் பலகையில் எழுதிப்போடச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் எந்த அரசும் இல்லை என்று சொல்ல முடியாது. வேளாண் துறைக்கு இன்னொன்று சொல்லலாம். உவர் நிலம் தாங்கும் நெல் நம் ஊரிலேயே இருந்தது, குழியடிச்சான், களர்பாளை என்று. மறைந்த நெல் ஜெயராமன் அதே திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் இருந்துகொண்டுதான் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிப்பிடித்துப் பரப்பினார். அந்த விதைகள் கடைமடை விவசாயிக்கு ஆண்டுதோறும் விதைப்புக்கு முன்பே, போதுமான அளவில் கிடைக்க வேண்டும். திருவிழாவில் இரண்டு கிலோ வாங்கி வந்து அக்கா எத்தனை மா நிலத்துக்கு விதைப்பாள்?

ஈரோட்டில் எனக்கு வெள்ளமும் இல்லை, உப்பும் இல்லை. வெயில் மட்டும்தான். 2024 ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் ஈரோடு, கரூர் பரமத்தி, வேலூர் எல்லாம் 42 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தன. மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளியே வராதீர்கள் என்று அறிவிப்பு வருகிறது, நல்ல அறிவிப்புதான். ஆனால் இந்த ஊரில் வெயில் வெளியே மட்டும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள் ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். நூல் அறுந்துவிடும் என்று அங்கே விசிறிகூடச் சுதந்திரமாகப் போட முடியாது. இரவு ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போனால் வீட்டுக் கூரையும் அதே ஆஸ்பெஸ்டாஸ், விடியும்வரை சூடு இறங்காது. ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் இரண்டு மடங்காக இருந்தது. அப்படிப்பட்ட ஒரு விஷயத்துக்கு நம்மிடம் இருப்பது சந்திப்பில் ஒரு தண்ணீர்ப் பந்தல். பந்தல் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது பலருக்கு உயிர். ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் ஆட்சியர்கள் வேலை செய்யும் இடத்துக்குள் இருக்கும் வெப்பத்தை அளக்க வேண்டும், இத்தனை டிகிரிக்கு மேல் போனால் இத்தனை நிமிட ஓய்வு என்று தொழிலாளர் துறையை வைத்து ஆணையிட வேண்டும். வெப்ப மரணம் என்று சான்று வாங்குவதும் எளிதாக வேண்டும், தறியில் மயங்கி விழுந்து இறந்தவரை மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அந்த 4 லட்சம் எந்த வீட்டுக்கும் போகாது. சென்னைக்கும் கடலூருக்கும் இந்த 42 டிகிரி கணக்கு பொருந்தாது, அங்கே 37 டிகிரியிலேயே காற்றின் ஈரம் ஆளைச் சாய்த்துவிடும், வியர்வை காயாது. ஆகவே வெப்ப எச்சரிக்கையையும் ஊருக்கு ஊர் வேறாகத்தான் எழுத வேண்டும்.

வெயில் தாங்காமல் இங்கிருந்து எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போகிறோம். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி. கூட்டம் தாங்காமல் உயர் நீதிமன்றம் சொல்லி மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. சித்தப்பாவுக்குக் கவலை வேறு. ஜனவரியில் உறைபனி கொழுந்தைக் கருக்குகிறது, ஆகஸ்டில் மழை மண்ணை இறக்குகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்ததை அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீலகிரி ஆட்சியரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சரிவுகளில் எழும்பும் கட்டடங்களை அனுமதிக்கும்போது முண்டக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த மாவட்டத்துக்குள்ளேயே ஒரே மழை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. தூத்துக்குடியில் கோடையில் ஒரு மழை பெய்தால் மானாவாரி விவசாயி மகிழ்வார், உப்பளத்தில் பாத்தி கட்டி வைத்திருந்தவருக்கு அன்றைய உப்பு கரைந்து போகும். உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக ஆண்டுக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறார்கள், வரவேற்கிறேன். ஆனால் மழை இப்போது ஐப்பசி, கார்த்திகையோடு நிற்பதில்லை, வேலை இழப்பும் நிற்பதில்லை. ராமநாதபுரத்துக்காரர்கள் ஒரு பக்கம் கண்மாய்க்கு வைகைத் தண்ணீர் வராதா என்று பார்த்திருக்க, மறுபக்கம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. 2010, 2016, 2024 என்று பவளப்பாறைகள் வெளுத்தன. அந்தப் பாறைகளை நம்பித்தான் மீனும் இருக்கிறது, பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்கும் பெண்களின் கூலியும் இருக்கிறது. கன்னியாகுமரிக்கு இரண்டு கடற்கரை, இரண்டு பருவமழை, இரண்டு மீன்பிடித் தடைக்காலம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி சில மணி நேரத்தில் புயலாக முறுகியபோது ஆழ்கடலில் இருந்த தூத்தூர், வள்ளவிளை ஆட்களுக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை, பலர் திரும்பவில்லை. சென்னையைப் பற்றி நான் எழுதவில்லை, அதற்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2023 டிசம்பரில் சென்னைக்கும், தூத்துக்குடி, திருநெல்வேலியில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களுக்கும் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். மறு ஆண்டு ஃபெஞ்சலில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக்கு 2,000 ரூபாய். அரசுக்கு ஏதேனும் காரணம் இருக்கலாம், எங்களுக்குச் சொல்லப்படவில்லை. விழுப்புரத்தில் மூழ்கிய அடுப்பு சென்னையில் மூழ்கிய அடுப்பைவிட மலிவானதில்லை. எல்லா ஊருக்கும் ஒரே தொகை கொடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. இழப்புக்கேற்பக் கொடுங்கள், கணக்கை வெளியே வையுங்கள். 2018-இல் கஜா அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தார்கள். நாட்டுத் தென்னை வைத்தால் காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். நெல்லுக்கு ஒரு பருவ இழப்பு, தென்னைக்கு ஏழு ஆண்டு இழப்பு. தென்னங்கீற்றுக்குக் கீழே வாழ்கிற மாவட்டத்தின் நிவாரணத்தை நெல் மாவட்டத்தின் அளவுகோலால் அளக்க முடியாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஒரு மாவட்டத்தைப் புரிந்துகொண்டு, எந்தக் குளத்துக் கரை பலவீனம், எந்த ஊர்த் தலைவர் போன் அடித்தால் உண்மையைச் சொல்வார் என்று தெரிந்துகொள்ளும் நேரத்தில் மாறுதல் ஆணை வந்துவிடுகிறது. புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார், முதல் மழை அவரை அப்படியே பிடித்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் தலைக்குள் இருப்பதை எழுதி வையுங்கள். பொதுவான வழிகாட்டி நூலில் இருக்கும் வரிகள் வேண்டாம், ஊர் ஊராக எழுதுங்கள். 2023-இல் எந்த மதகு திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை, எந்த முகாமில் கழிப்பறை இல்லாமல் பெண்கள் வரமறுத்தார்கள், எந்தத் தெருவுக்குப் படகு போக முடிந்தது, எல்லாவற்றையும். அந்தக் குறிப்பேட்டில் ஊர்க்காரர்களின் கையெழுத்தும் இருக்கட்டும், அதிகாரி மாறினாலும் அவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள்.

இதற்குப் புதிய கூட்டம் எதுவும் போட வேண்டாம். மாதம்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடத்துகிறீர்கள், கடலோர மாவட்டங்களில் மீனவர்களுக்கும் நடத்துகிறீர்கள், கிராம சபை இருக்கிறது. அந்தக் கூட்டங்களிலேயே அரை மணி நேரம் ஒதுக்கி, போன ஐந்து ஆண்டில் உங்கள் ஊரில் மழையும் வெயிலும் தண்ணீரும் எப்படி மாறியிருக்கின்றன என்று கேளுங்கள். விசைத்தறிக்காரர், உப்பளத்துக்காரர், பாசி எடுக்கும் பெண்கள், கொழுந்து பறிப்பவர்கள் யாரும் விவசாயி கணக்கிலும் வரமாட்டார்கள், மீனவர் கணக்கிலும் வரமாட்டார்கள், அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

செப்டம்பரில் எப்படியும் பருவமழை முன்னெச்சரிக்கைக் கூட்டம் நடத்துவீர்கள். இந்த முறை தாமிரபரணிக்குத் தென்காசியும் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் ஒன்றாக, தென்பெண்ணைக்கு ஆறு மாவட்டமும் ஒன்றாக, காவிரிக்கு மேட்டூரிலிருந்து கடைமடை வரை ஒன்றாக உட்காருங்கள். அந்தக் கூட்டத்தின் முடிவுகளைத் தமிழில், ஊர்ப் பெயரோடு, எங்கள் ஊராட்சிகளுக்கு அனுப்புங்கள். ஏரலுக்கு வரும் தாளை எங்கள் மதினியிடமும் ஒரு பிரதி கொடுக்கச் சொல்லுங்கள், கீழத்தெருவில் யார் வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்ற பட்டியலை அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஈரோட்டில் வசிக்கும் ஏரல் பக்கத்து ஆள்